நீருக்கடியில் போகும் போல்ட்டுக்கு எந்த உலோகம்?

(படகுக்காரர்கள் மூவர் புனைபெயரில் பேசுகிறார்கள்.)

பாய்மரம்: மரப்படகு, உப்புத்தண்ணீர். சுக்கான் கீலில் (hinge) இருந்த பித்தளை போல்ட்டுகள் இளஞ்சிவப்பாகிவிட்டன. சுத்தியலால் தட்டியதும் ஒன்று ஒடிந்தது. பதிலுக்கு 316 ஸ்டெயின்லெஸ் போடலாமா?

நங்கூரம்: வேண்டாம். அந்தச் சிவப்பு, பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்துபோய் மிஞ்சிய பொத்தல் செம்பு. 316-உம் ஊறிய மரத்துக்குள் ஆக்சிஜன் கிடைக்காமல் அரிபட்டுவிடும். தலை பளபளக்கும், தண்டு மெலிந்திருக்கும். 655 ரக சிலிக்கான் வெண்கலம் வாங்குங்கள். ‘மாங்கனீஸ் வெண்கலம்’ என்றால் ஏமாறாதீர்கள்; சுமார் 40% துத்தநாகம், பெயரில்தான் வெண்கலம்!

துடுப்பு: நட்டு, வாஷரும் அதே உலோகத்தில் இருக்கட்டும். அலுமினியப் படகுக்கு இது ஆகாது, வெண்கலம் அடிப்பாகத்தையே தின்றுவிடும்.

பாய்மரம்: துத்தநாக அனோடு (மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் கரையும் கட்டி) வைக்கலாமா?

நங்கூரம்: சிறிதாகப் போதும். அதிகமானால் உலோகத்தைச் சுற்றிக் காரம் சேர்ந்து மரம் நைந்துவிடும். அனோடுமேல் பெயின்ட் அடிக்காதீர்கள்.