நான்காவது சென்டர் பேக் எதற்கு?

கால்பந்தில் கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் தடுப்பாளர்தான் சென்டர் பேக்; ஸ்டாப்பர் என்பதும் அவரையே. மாற்று ஆளாக நான்காவது ஒருவர் அணிக்குத் தேவையா என்பதே இங்கே பேச்சு.

பழைய ஸ்டாப்பர்:
மாற்று டிஃபெண்டர் எத்தனை ஆட்டம் ஆடினார் என்று எண்ணிப் பார்த்தால் அவருடைய அருமை தெரியாது. அவர் இருந்ததால் யாரெல்லாம் தங்கள் இடத்தை விட்டு நகராமல் ஆடினார்கள் என்று பார்க்க வேண்டும். 2020-21 சீசனில் இங்கிலாந்தின் லிவர்பூல் அணி இதற்கு நல்ல பாடம்.

2020 கோடையில் சென்டர் பேக் லோவ்ரன் ரஷ்யாவின் ஜெனித் அணிக்குப் போனார். அந்த இடத்துக்கு யாரையும் வாங்கவில்லை. மிஞ்சிய சென்டர் பேக்குகள் வான் டைக், ஜோ கோமெஸ், மாட்டிப். அக்டோபர் 17 அன்று எவர்ட்டனுடன் நடந்த ஆட்டத்தில் வான் டைக்கின் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. நவம்பரில் இங்கிலாந்து அணியின் பயிற்சியில் கோமெஸுக்கு முழங்காலில் அடி. ஜனவரி 28 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக மாட்டிப்பின் கணுக்காலில் காயம். மூவருக்குமே சீசன் முடிந்தது.

ஓட்டையை அடைக்க மிட்ஃபீல்டர்களான ஃபாபின்யோவும் ஹெண்டர்சனும் பின்னுக்கு இறங்கினார்கள். கெட்டிக்காரர்கள், இறங்கிய இடத்திலும் மோசமாக ஆடவில்லை. ஆனால் தடுப்பாளர்களுக்கு முன்னால் தெறித்து விழும் பந்தைப் பொறுக்கி எடுப்பது ஃபாபின்யோவின் வேலை. ரைட் பேக் அலெக்ஸாண்டர்-ஆர்னால்ட் மேலேறும்போது வலப்பக்கம் காலியாகாமல் பார்த்துக்கொள்வது ஹெண்டர்சனின் வேலை. அந்த இரண்டு வேலைக்கும் ஆளில்லாமல் போனது. பின்னால் இரண்டு இடம் காலி, ஆனால் நான்கு இடத்தில் பலவீனம். முன்களத்துக்குப் பந்து போய்ச் சேரும் வேகமும் குறைந்தது. ஜனவரி 21 அன்று பர்ன்லி 1-0 என்று வென்றபோது, சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் 68 லீக் ஆட்டங்களாகத் தோற்காமல் இருந்த வரிசை அறுந்தது. அதிலிருந்து மார்ச் 7 ஃபுல்ஹாம் ஆட்டம் வரை ஆன்ஃபீல்டில் லீகில் தொடர்ந்து ஆறு தோல்வி. பிப்ரவரி 20 எவர்ட்டன் ஆட்டத்தில் கவட்டைத் தசைக் காயத்தோடு ஹெண்டர்சனும் வெளியேறினார்.

திருப்பம் மார்ச் 10 அன்று புடாபெஸ்டில், ஜெர்மனியின் லைப்சிக்குக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில். சென்டர் பேக்குகளாகக் கபாக், நாட் ஃபிலிப்ஸ். ஃபாபின்யோ மறுபடி நடுக்களத்தில். லிவர்பூலுக்கு 2-0 வெற்றி. பந்தைப் பிரித்துக் கொடுப்பதில் ஃபிலிப்ஸ் ஃபாபின்யோவுக்கு ஈடாக மாட்டார், ஓட்டத்திலும் வேகம் குறைவு. ஆனால் பெட்டிக்குள் வரும் உயரப் பந்தைத் தலையால் அடித்து விரட்டுவதில் மன்னன். சுமாரான ஒரு ஸ்டாப்பர் தன் இடத்தில் நின்றதால் உயர்தரமான ஒரு மிட்ஃபீல்டர் தன் இடத்துக்குத் திரும்பினார். கடைசிப் பத்து லீக் ஆட்டங்களில் 8 வெற்றி, 2 டிரா. 69 புள்ளியுடன் மூன்றாம் இடம். கடைசி வாரங்களில் ஃபிலிப்ஸுக்குத் துணையாக நின்ற ரீஸ் வில்லியம்ஸ், அதற்கு முந்தைய சீசனில் ஆறாம் நிலை லீகில் கிடர்மின்ஸ்டருக்கு ஆடியவர்.

இடங்கால் பேக்:
அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஆள் இருந்தால் மட்டும் போதாது, வெளியே போனவரின் வேலையில் எதை இவரால் செய்ய முடியும் என்பது முக்கியம். ஆர்சனலில் இரண்டு விதமும் நடந்திருக்கிறது.

2023 மார்ச் 16 அன்று போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங்குக்கு எதிராக சென்டர் பேக் சலிபாவுக்கு முதுகில் காயம். அதுவரை லீகில் 27 ஆட்டங்களிலும் முதல் பதினொருவரில் இருந்தவர். அவர் இடத்தில் ராப் ஹோல்டிங். சலிபாவின் வேகம் இருந்ததால்தான் அந்த அணியால் தடுப்பு வரிசையை நடுக்கோடு வரை ஏற்றி வைக்க முடிந்தது. முதுகுக்குப் பின்னால் பந்து போனாலும் ஓடிப் பிடித்துவிடுவார். ஹோல்டிங் நல்ல தடுப்பாளர், ஆனால் அந்த வேகம் இல்லை. வரிசை பின்வாங்கினால் நடுக்களத்துக்கும் தடுப்புக்கும் நடுவே பள்ளம் விழும், எதிரணி அங்கே திரும்பி நின்று பந்து வாங்கும். ஏப்ரலில் லிவர்பூலுடன் 2-2, வெஸ்ட் ஹாமுடன் 2-2 (இரண்டிலும் 2-0 என்று முன்னிலை!), சவுத்தாம்ப்டனுடன் 3-3, பிறகு மான்செஸ்டர் சிட்டியிடம் 1-4. பட்டம் அங்கே நழுவியது. இதற்கு ஹோல்டிங்கைத் திட்டியவர்கள் மேல் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. அவர் வேகத்துக்குப் பொருந்தாத அளவு மேலே வரிசையை நிறுத்தியது அவர் குற்றமல்ல.

மறுபக்கம் 2025 ஏப்ரல். இடப்பக்க சென்டர் பேக் கேப்ரியேலுக்குத் தொடையின் பின்தசையில் (ஹாம்ஸ்ட்ரிங்) காயம். வந்தவர் கிவியோர், அவரைப் போலவே இடங்கால்காரர். வலங்கால்காரரை இடப்பக்க சென்டர் பேக்காக நிறுத்தினால் பந்தை உள்பக்கமாகத் திருப்பித்தான் உதைப்பார். லெஃப்ட் பேக்குக்குப் போகும் பாஸ் அரை வினாடி தாமதமாகும், எதிரணி ஸ்டிரைக்கருக்கு அதுவே போதும். கிவியோர் நின்றதால் கோணம் மாறவில்லை, வரிசையும் இறங்கவில்லை. சாம்பியன்ஸ் லீகில் ரியல் மாட்ரிட்டைச் சொந்த மைதானத்தில் 3-0, மாட்ரிட்டில் 2-1 என்று இரண்டு ஆட்டத்திலும் வென்றார்கள்.

கார்னர் கணக்கு:
ஆட்டம் நடக்கும்போது என்ன கெடும் என்று சொல்கிறேன். முதலில் கார்னர். சென்டர் பேக் காயம்பட்டு வெளியேறினால், வந்தவரை அப்படியே அவர் இடத்தில் நிறுத்தக் கூடாது. கார்னர் அடிக்கும் பக்கத்துக் கோல்கம்பத்தருகே நின்றவர் போய்விட்டால், களத்தில் மிஞ்சியவர்களில் நன்றாகத் தலையடிப்பவரை அங்கே மாற்றி, புதியவருக்கு ஒரே ஒரு ஆளைக் காவல் காக்கும் வேலை கொடுங்கள். யார் எங்கே நிற்பது என்ற இந்த மாற்று வரைபடத்தை ஆட்டத்துக்கு முன்பே தாளில் எழுதி வைக்க வேண்டும். காயத்தோடு ஆட்டம் நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தில் யோசித்தால் ஒருவர் மறந்துவிடுவார், அடுத்த கார்னரே கோல்.

மாற்று ஸ்டாப்பர் பெஞ்சில் ஷின் கார்டோடு, பூட்ஸ் நாடா கட்டி உட்கார வேண்டும். ஸ்டிரைக்கரை இறக்கத் திட்டமிடலாம், ஸ்டாப்பரை இறக்கும் நேரம் முன்கூட்டித் தெரியாது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பக்கவாட்டு ஓட்டம், இரண்டு குறுகிய ஸ்பிரிண்ட். உள்ளே போன முதல் பத்து நிமிடம் தடுப்பு வரிசை ஐந்து மீட்டர் கோல் பக்கமாகத் தள்ளி இருக்கட்டும். வரிசையை முன்னேறச் சொல்லும் 'மேலே' என்ற குரல் பழையவரிடமிருந்தே வரட்டும், புதியவர் கொடுக்க வேண்டாம். இரண்டு குரல் வந்தால் எதிரணியை ஆஃப்சைடில் சிக்கவைக்கும் பொறி உடையும்.

இன்னொன்று: மாதக்கணக்கில் பெஞ்சில் இருந்தவரை ஒரே வாரத்தில் மூன்று முறை 90 நிமிடம் ஆடவிட்டால் தொடைத் தசை தாங்காது. அதனால் ஆட்டம் முடிந்த மறுநாள் ஆடாதவர்களுக்குத் தனியாகக் கடும் பயிற்சி, கோப்பை ஆட்டங்களில் முழு நேரம். இதைச் செப்டம்பரிலேயே தொடங்க வேண்டும், ஜனவரியில் தொடங்கிப் பயனில்லை.

பெஞ்ச் பத்து:
வாங்குவதற்கும் காலம் உண்டு. லிவர்பூல் 2021 பிப்ரவரி 1 அன்று, வீரர்களை வாங்கும் சந்தை மூடும் நாளில், கபாக்கைத் தற்காலிகக் கடனாகவும் பிரெஸ்டனிலிருந்து பென் டேவிஸையும் எடுத்தது. டேவிஸ் லிவர்பூலுக்காக ஒரு போட்டி ஆட்டம்கூட ஆடவில்லை.

பிரீமியர் லீகில் பதிவுப் பட்டியல் 25 பேர். 21 வயதுக்கு உட்பட்டவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஆகவே அனுபவமுள்ள நால்வர், ஐந்தாவதாக அகாடமிப் பையன். இதுதான் சரியான கணக்கு.

இடங்கால் பேக்:
நான்காமவருக்கு, ரியல் மாட்ரிட்டில் இருந்த நாச்சோதான் அளவுகோல். இரண்டு ஓரமும் நடுவும் ஆடுவார். 2023-24இல் சென்டர் பேக்குகள் மிலிதாவோவுக்கும் அலாபாவுக்கும் முழங்கால் ஜவ்வு கிழிந்தும் மாட்ரிட் லீகையும் சாம்பியன்ஸ் லீகையும் வென்றது, இறுதியாட்டத்தில் கேப்டனாக ஆடியவர் நாச்சோ. அந்தக் கோடையிலேயே அவர் போனார், பதிலுக்கு யாரும் வரவில்லை. அடுத்த சீசன் அக்டோபரில் ரைட் பேக் கார்வஹாலுக்குக் காயம், நவம்பர் 9 அன்று ஒசாசுனா ஆட்டத்தில் மீண்டும் மிலிதாவோவுக்கு. அதன்பின் மிட்ஃபீல்டர் சுவாமேனி ஸ்டாப்பர், வால்வெர்தே ரைட் பேக். அண்ணா சொன்ன அதே கதை. மிலிதாவோவுக்குப் பதில் அன்று இறங்கியது ராவுல் அசென்சியோ. முதல் அணிக்கு அதுதான் அவருடைய முதல் ஆட்டம். வந்த சற்று நேரத்தில் பின்னாலிருந்தே நீளமாக ஒரு பந்தைத் தூக்கிப் போட்டார், பெல்லிங்ஹாம் அதைக் கோலாக்கினார்.