அம்மாயி வீட்டுக் கூட்டம் (குடும்பக் குரூப்): தீபாவளிக்கு முந்தின ஞாயிறு

31 அக்டோபர் 2021

நான்: கொரோனாவுக்கு மூடின பள்ளிக்கூடத்தை நாளைக்குத் திறக்கிறார்கள், ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை. சின்னவன் போன வருஷம் மார்ச்சில் கழற்றிப் போட்ட யூனிஃபார்ம் பேண்டை இப்போதுதான் எடுத்துப் போட்டுப் பார்த்தோம். பொத்தானுக்கும் காஜாவுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி.

பெரியம்மா: தீபாவளி நெருக்கத்தில் எந்த டெய்லர் கண்ணு வாங்குவான்? இப்போதைக்கு ஊக்கு குத்தி அனுப்பு. சட்டையை வெளியே விட்டால் தெரியாது.

தம்பி: அவனுக்காவது வளர்கிற வயசு. நான் பெங்களூரிலிருந்து மூட்டை கட்டி வந்தபோது 71 கிலோ. இன்றைக்குக் காலையில் 82.

அம்மா: வீட்டுச் சாப்பாடு உடம்பில் ஒட்டியிருக்கிறது. யாரும் கண் வைக்காதீர்கள்.

நர்ஸ் அக்கா: சித்தி, 11 கிலோ திருஷ்டி சுற்றிப் போட்டால் இறங்காது 😄

நான்: அக்கா, பையனுக்கு என்ன செய்யட்டும்? பயப்பட வேண்டுமா?

நர்ஸ் அக்கா: எடையை மட்டும் பார்த்துப் பயப்படாதே. இந்த வயதில் வருஷத்துக்கு மூன்று, நான்கு கிலோ ஏறுவது இயல்பு. பேண்ட் நீளம் எங்கே நிற்கிறது? உயரம், எடை ரெண்டையும் எனக்கு அனுப்பு, வயசுக்கு ஏத்த அட்டவணையில் பார்த்துச் சொல்கிறேன்.

நான்: கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. ஆனால் இடுப்பு அதைவிட வேகமாக வளர்ந்திருக்கிறது.

நர்ஸ் அக்கா: அவன் ஒருத்தன் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2 முதல் 19 வயது வரை 4.32 லட்சம் பேரின் அளவுகளைப் பார்த்து, போன மாதம்தான் அந்த நாட்டு நோய்த் தடுப்பு மையமான சிடிசி வெளியிட்டது. கொரோனாவுக்கு முன்பு பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு) ஏறிய வேகம், அதற்குப் பிறகு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஏற்கெனவே குண்டாக இருந்த பிள்ளைகளுக்குத்தான் கூடுதல். பீட்டி பீரியட் கிடையாது, பள்ளிக்கு நடை கிடையாது, பத்து மணிக்கு எழுந்து படுக்கையிலேயே ஆன்லைன் கிளாஸ். வேறென்ன ஆகும்?

தம்பி: படுக்கையிலேயே ஆன்லைன் என்றால் அது நானும்தான். பெங்களூரில் பஸ் ஸ்டாப்புக்கு நடை, ஆபீஸ் மாடிப்படி, டீ குடிக்க ஒரு நடை. இங்கே கட்டிலிலிருந்து நாற்காலி. ஜிம் போன வருஷம் ஆகஸ்ட் 10இல் திறந்தார்கள், நான் போக நினைக்கும்போது இரண்டாம் அலை.

பெரியம்மா: நினைத்துக்கொண்டே எட்டு மாசம் இருந்தாயாக்கும்.

தம்பி: பெரியம்மா, போன வருஷம் ஏப்ரல் 26இலிருந்து சேலத்தில் மூன்று நாள் முழு ஊரடங்கு போட்டார்களே, நினைவிருக்கிறதா? முந்தின நாள் அம்மா அடித்துப் பிடித்து வாங்கின மைதா, சர்க்கரை, ரவை எல்லாம் மே கடைசி வரை வந்தது. நாலு மணிக்குப் போண்டா, ஆறு மணிக்குக் கேசரி. அப்புறம் தெருமுனையில் தட்டுவடை செட்டு வண்டி திரும்பி வந்தது. ரெண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட், கேரட், பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி. நொறுங்குகிற சத்தம் கேட்டாலே கால் தானாக இறங்கும். அதுதான் அன்றைய வாக்கிங்.

நர்ஸ் அக்கா: ஒரு கிலோ கொழுப்புக்குத் தோராயமாக 7,700 கலோரி. தினமும் 150 மிஞ்சினாலே போதும், ஏழெட்டு வாரத்தில் ஒரு கிலோ. உன் கேசரி அதைவிடத் தாராளம்.

தம்பி: வீட்டு எடை மெஷினோடு 269 பேரை அமெரிக்காவில் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். வீட்டிலேயே இரு என்று உத்தரவு போட்ட பிறகு பத்து நாளைக்குக் கால் கிலோவுக்குச் சற்று மேல். நான் பரவாயில்லை போலிருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை மாமா: மாப்ளே, உங்கள் எல்லாருக்கும் ஏறிய கதை. எங்கள் கொலுசுப் பட்டறையில் இறங்கின கதை. அதையும் கேளு.

செவ்வாய்ப்பேட்டை மாமா: போன வருஷம் கல்யாண சீசன் மொத்தமும் போச்சு. கொலுசு ஆர்டர் ஒன்றுகூட இல்லை. பட்டறையில் பற்ற வைக்கிற பையன் பெல்ட்டில் புதிதாக ரெண்டு ஓட்டை போட்டுக்கொண்டான். கொலுசுக்கு வளையம் செய்கிற கம்பியைத்தான் பழுக்கக் காய்ச்சிக் குத்தினான். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்ல? ரேஷனில் ஆயிரம் ரூபாயும் அரிசியும் கொடுத்தார்கள். அரிசி இருந்தது. முட்டை, மீன், பால் எல்லாம் நின்றுபோச்சு. எனக்கே ஆறு கிலோ இறங்கியது. பார்க்கிறவர்கள் "என்ன அண்ணே, டயட்டா" என்கிறார்கள்.

அம்மா: அண்ணா, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன?

செவ்வாய்ப்பேட்டை மாமா: உங்கள் வீட்டில் கேசரி கிண்டுகிற நேரத்தில் எப்படிம்மா சொல்ல.

நர்ஸ் அக்கா: மாமா, அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், ரத்தம் பார்க்கலாம். சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்டால் முதலில் கரைவது சதை. கை கால் மெலியும், தொப்பை அப்படியே நிற்கும். எடை மெஷின் இதைக் காட்டாது. ஆஸ்பத்திரியில் கொரோனாவிலிருந்து தேறி வருகிறவர்களும் அப்படித்தான், தொடைச் சதை போய்விடுகிறது. ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு மட்டும் முகம் ஊதி, பசியும் சர்க்கரையும் ஏறும்.

பெரியம்மா: நீயும்தான் மெலிந்துபோனாய், கேட்டால் சண்டைக்கு வருகிறாய்.

நர்ஸ் அக்கா: பிபிஇ கவச உடை போட்டால் ஆறு மணி நேரம் தண்ணீர்கூடக் கிடையாது. அப்படி இறங்கின எடையம்மா அது.

தம்பி: அமெரிக்க உளவியல் சங்கம் பிப்ரவரியில் எடுத்த சர்வேயில் 42 சதவீதம் பேர் நினைத்ததைவிட ஏறிவிட்டோம் என்றார்கள், 18 சதவீதம் பேர் நினைத்ததைவிட இறங்கிவிட்டோம் என்றார்கள். ஏறினவர்களுக்குச் சராசரி 13 கிலோ.

நர்ஸ் அக்கா: சராசரியைப் பிடித்துக்கொள்ளாதே. சிலர் ரொம்ப ஏறினதால் அது அப்படி. வரிசையில் நடுவில் நிற்கிறவருக்கு ஏழு கிலோகூட இல்லை.

செவ்வாய்ப்பேட்டை மாமா: அந்த 18இல் வயிற்றைக் கட்டினவர்கள் எத்தனை பேர் மாப்ளே?

ஏற்காடு சித்தி: இப்போதுதான் டவர் வந்தது, எல்லாம் படித்தேன். எஸ்டேட்டில் எங்களுக்கு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ரேஷன் கடைக்கே மேடு ஏறி இறங்க வேண்டும். ஆனால் ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி போடுகிற அக்கா இருக்கிறதே, அதைப் பார்க்க முடியவில்லை. பயண அனுமதி இ-பாஸ் இல்லாமல் வந்த வண்டியையெல்லாம் அடிவாரத்திலேயே திருப்பிவிட்டார்கள். படகும் நின்றது, பஜ்ஜியும் நின்றது. பொழைப்புக்குக் காப்பி பழம் பறிக்க எங்களோடு வந்தது. ஜாக்கெட்டு தோளில் தொங்கும், ஊக்கு குத்தித்தான் போட்டிருக்கும்.

பெரியம்மா: நான் மொட்டை மாடியில் நடந்து சர்க்கரையைக் குறைத்தேன். அதை யாரும் கேட்கவில்லை.

அம்மா: என்னையும்தான் யாரும் கேட்கவில்லை. நாலு வேளையும் சமைத்து, மிஞ்சினதைக் கொட்ட மனசு வராமல் தின்று, ஏறினது என் உடம்பில். நைட்டிக்கு அளவு ஏது, அதனால் தெரியவில்லை.

செவ்வாய்ப்பேட்டை மாமா: வேட்டியும் அப்படித்தான்.

நர்ஸ் அக்கா: அதனால்தான் எல்லாரும் தையல் டேப்பை எடுங்கள். தொப்புளுக்கு நேராக, மூச்சை இழுக்காமல். நம் ஊர் உடம்புக்கு ஆண் 90 செ.மீ., பெண் 80. தாண்டினவர்கள் சர்க்கரையும் பிபியும் பார்க்க வேண்டும். இறங்கினவர்களும் வாருங்கள், மாமா முதலில்.

தம்பி: 98.

அம்மா: டேப்பைப் பையன் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தம்பி: அம்மா, டேப் உங்கள் கையில்தான் இருக்கிறது.

அம்மா: 91. இதைக் குரூப்பில் போடச் சொல்லி எந்த டாக்டர் சொன்னார்?

செவ்வாய்ப்பேட்டை மாமா: செவ்வாய்க்கிழமை பையனோடு வருகிறேன் கண்ணு. இப்போது ஆர்டர் வந்திருக்கிறது, மதியத்துக்குள் எங்களை விட்டுவிடணும்.