சட்டம் பாஸாகி ஏழே கால் வருஷம் பீரோவுல கிடந்தா அதுக்குப் பேரு சட்டமா?

சட்டக்கிறுக்கன்:
ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தது. 6 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அடிப்படை உரிமைனு அரசியல் சட்டத்துல 86வது திருத்தம் பாஸ் ஆச்சு, 2002 டிசம்பர் 12ல ஜனாதிபதி கையெழுத்தும் விழுந்துருச்சு. அமலுக்கு வந்தது எப்பனு பாத்தா 2010 ஏப்ரல் 1. திருத்தத்தோட முதல் பிரிவுலயே "மத்திய அரசு கெஜட்ல அறிவிக்கும் தேதியிலிருந்து"னு ஒரு வரி, அவ்ளோதான் விஷயம். எம்பிக்கள் மூணுல ரெண்டு பங்கு மெஜாரிட்டியில ஓட்டுப் போட்டுக் குடுத்த உரிமைய ஒரு அமைச்சகம் ஒண்ணுமே செய்யாம சும்மா உக்காந்தே நிறுத்தி வைக்கலாம். 2002ல ஆறு வயசான புள்ளைக்கு 2010ல பதிமூணு. உரிமையே பதினாலோட முடிஞ்சுரும். ஒரு செட்டு புள்ளைங்கள அப்படியே முழுங்கிட்டாங்க. இத நியாயப்படுத்துறவங்க யாராச்சும் இருந்தா வாங்க.

கணக்குவாத்தி:
வந்துட்டேன் தம்பி. ரிட்டயர்டு வாத்தியார், கவர்ன்மெண்ட் ஸ்கூல். பள்ளிக்கூடமே இல்லாத ஊர்ல உரிமைய வச்சு என்ன பண்றது? அந்த ஏழு வருஷமும் யாரும் தூங்கல. சர்வ சிக்ஷா அபியான், அதாவது எல்லாருக்கும் கல்வித் திட்டம், அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சு கட்டடம், டீச்சர், கக்கூஸ்னு நடந்துக்கிட்டுதான் இருந்துச்சு. இன்னொண்ணு, அந்தத் திருத்தம் அரசியல் சட்டத்துல சேத்த 21ஏ பிரிவ நல்லாப் படிங்க, "அரசு சட்டத்தின் மூலம் தீர்மானிக்கும் விதத்தில்"னுதான் இருக்கு, அதாவது இன்னொரு சட்டம் வந்தாத்தான் இதுக்கு உயிர். அதுக்கு 2003ல ஒரு வரைவு, 2004ல ஒண்ணு, 2005ல ஒண்ணு. எல்லாமே காசு யாரு தர்றதுங்குற இடத்துல முட்டிக்கிட்டு நின்னுச்சு. 2006ல மாதிரி மசோதான்னு சொல்லி மாநிலங்க தலையில கட்டப் பாத்தாங்க, அதுவும் நடக்கல. கடைசியில 2009ல கல்வி உரிமைச் சட்டம் வந்துச்சு, ரெண்டும் ஒரே நாள்ல அமலாச்சு. சும்மா ஒரு தேதியப் போட்டு 2003லயே அறிவிச்சிருந்தா வெறும் காகிதம்.

சட்டக்கிறுக்கன்:
//காசு யாரு தர்றதுங்குற இடத்துல முட்டிக்கிட்டு நின்னுச்சு//
சார், 2004 பட்ஜெட்லயே கல்வி செஸ்னு எல்லா மத்திய வரி மேலயும் 2 சதவீதம் போட்டு வசூல் பண்ண ஆரம்பிச்சாச்சு. உரிமைக்கு நேரம் வரல, வரிக்கு மட்டும் நேரம் வந்துருச்சாக்கும்.

தென்றல்79:
ரெண்டு பேரும் ஒண்ண விட்டுட்டீங்க. 1993 உன்னிகிருஷ்ணன் தீர்ப்புலயே சுப்ரீம் கோர்ட் 14 வயசு வரைக்கும் கல்வி அடிப்படை உரிமைதான்னு சொல்லிருச்சு, அதுல ஆறு வயசுங்குற கீழ் எல்லையே கிடையாது. 86வது திருத்தம்தான் 6-14னு சுருக்குச்சு, ஆறுக்குக் கீழ இருக்குற பசங்களக் கொண்டுபோய் 45வது பிரிவுல, அரசு "முயற்சி செய்யும்"னு மட்டும் சொல்ற லிஸ்ட்ல போட்டுச்சு. அது அமலுக்கு வராத வரைக்கும் பழைய தீர்ப்புதானே செல்லும்? கணக்குப்படி பாத்தா லேட் ஆனதுல பால்வாடிப் புள்ளைங்களுக்கு லாபம்தான் 😏

சட்டக்கிறுக்கன்:
பேப்பர்ல லாபம். அந்தத் தீர்ப்ப வச்சு எந்த ஊர்ல எத்தன பால்வாடி புதுசா வந்துச்சு சொல்லுங்க.

மதுரக்காரன்:
கோர்ட்டுக்குப் போய் தேதிய அறிவிக்கச் சொல்லி ஆர்டர் வாங்கியிருக்கலாம்ல? அப்பவும் பொதுநல வழக்கு எல்லாம் இருந்துச்சே.

சட்டக்கிறுக்கன்:
அண்ணே அதுதான் இருக்குறதுலயே கொடுமை. 1981ல ஏ.கே.ராய் வழக்குல இதே கேள்வி வந்துச்சு. அரசியல் சட்ட 44வது திருத்தத்துல தடுப்புக்காவல் (விசாரணை இல்லாம உள்ள வைக்கிறது) பத்தின 3வது பிரிவு, அதையும் அமலாக்காம வச்சிருந்தாங்க. தேதி குறிக்கிற அதிகாரத்த பார்லிமெண்டே அரசு கையில குடுத்துருச்சு, நாங்க இந்தத் தேதியில அறிவின்னு உத்தரவு போட முடியாதுன்னு மெஜாரிட்டி நீதிபதிகள் சொல்லிட்டாங்க. அந்தப் பிரிவு இன்னிக்கி வரைக்கும் அமலுக்கு வரல. 2008ல ஓபிசி 27 சதவீத இடஒதுக்கீடு வழக்குல சுப்ரீம் கோர்ட் நீதிபதி தல்வீர் பண்டாரி தன்னோட தனித் தீர்ப்புல, 21ஏவ முழுசா எப்ப அமல்படுத்துவீங்கன்னு ஆறு மாசத்துக்குள்ள காலக்கெடு வைங்க, இல்லனா அந்த வேலையையும் கோர்ட்டே பாக்க வேண்டி வரலாம்னு எழுதுனாரு. அதுவும் அவர் ஒருத்தர் எழுதுனது. தேதி குறிக்கிறத அரசு கையில விட்டுட்டா நம்ம கையில ஒண்ணும் கிடையாது.

மதுரக்காரன்:
அப்போ எல்லா ஸ்கூலுக்கும் ஒரே பாடம்னு வந்த நம்ம சமச்சீர் கல்வி? அதுல கோர்ட் புடிச்சு உலுக்குச்சே. 2011ல என் பையன் ஏழாவது. ஜூன் பாதியில ஸ்கூல் தொறந்தாச்சு, புக்கு இல்ல. பழைய பாடமா புதுப் பாடமான்னு எச்எம்முக்கே தெரியல, தினமும் பைய மாட்டிக்கிட்டுப் போவான் சாயங்காலம் பைய மாட்டிக்கிட்டு வருவான், என்னடா நடத்துனாங்கன்னா கதை சொன்னாங்க படம் வரையச் சொன்னாங்கம்பான்.

சட்டக்கிறுக்கன்:
கரெக்ட்டா புடிச்சீங்கண்ணே, வித்தியாசமே அங்கதான். 2010 சமச்சீர் சட்டத்துல 1, 6 வகுப்புக்கு 2010-11, மத்த வகுப்புகளுக்கு 2011-12ன்னு வருஷம் உள்ளயே எழுதியிருந்துச்சு. அதனாலதான் ஆட்சி மாறுன உடனே சும்மா உக்காந்து நிறுத்த முடியல, சட்டசபையக் கூட்டி திருத்தம் கொண்டு வரவேண்டி வந்துச்சு. திருத்தம் வந்ததால வழக்கு, ஹைகோர்ட் ஜூலை 18ல அந்தத் திருத்தத்த ரத்து பண்ணுச்சு, சுப்ரீம் கோர்ட் ஆகஸ்ட் 9ல பத்து நாளுக்குள்ள அமல்படுத்துன்னுருச்சு. ரெண்டு மாசத்துல முடிஞ்ச சண்டை. தேதிய அரசு கையில விட்ட சட்டத்துக்கு ஏழு வருஷம்.

கணக்குவாத்தி:
முடிஞ்சதா? அந்த புக்க கிளாஸ்ல வச்சு நடத்துனவன் நான். சில பக்கத்துல ஸ்டிக்கர் ஒட்டு, சில வரிய மார்க்கர் வச்சு அடின்னு ஆர்டர், பசங்க மொத வேலையா ஸ்டிக்கரப் பிச்சு கீழ என்ன இருக்குன்னுதான் பாத்தானுங்க. ஜூன் ஜூலை போனது போனதுதான், சனிக்கெழமையெல்லாம் கிளாஸ் வச்சு பத்தாவதுக்கு போர்ஷன் முடிச்சோம். சரி அத விடுங்க. தேதி தேதிங்குறீங்களே, கல்வி உரிமைச் சட்டத்துல 19வது பிரிவுல எல்லா ஸ்கூலும் மூணு வருஷத்துல வசதிகளச் செஞ்சு முடிக்கணும்னு எழுதியிருந்துச்சா இல்லையா? 2013 மார்ச் 31 வந்துச்சு போச்சு. எத்தன ஸ்கூல் முடிச்சுச்சு? ட்ரெயினிங் இல்லாத டீச்சருக்கு அஞ்சு வருஷம் கெடு குடுத்தாங்க, பத்தலன்னு 2017ல திருத்தம் போட்டு 2019 மார்ச் வரைக்கும் நீட்டுனாங்க. தேதியப் போட்டா தேதியத் திருத்துறாங்க. காசும் ஆளும் இல்லாம எந்தத் தேதியும் நிக்காது.

தென்றல்79:
வாத்தியார் ஸ்கோர் பண்ணிட்டார்.

சட்டக்கிறுக்கன்:
இல்லங்க. நீட்டுறதுக்கு பார்லிமெண்ட்டுக்கு வந்தாங்கல்ல? ஏன் முடியலன்னு அமைச்சர் எந்திரிச்சு பதில் சொன்னாருல்ல? எதிர்க்கட்சிக்காரன் கேள்வி கேட்டானா இல்லையா? 86வது திருத்தம் கிடந்த ஏழு வருஷத்துல ஏன் இன்னும் தேதி போடலன்னு எந்திரிச்சு நிக்கவேண்டிய கட்டாயம் சட்டப்படி யாருக்கும் இல்ல, அதான் என் பாயிண்ட்டு. விதிகள் ரெடியாகலன்னு ஒரு சாக்கு எப்பவும் வரும் பாருங்க, அதுக்கும் 1897 பொதுப்பிரிவுகள் சட்டம் 22வது பிரிவுல வழி இருக்கு, மத்தியச் சட்டம் அமலுக்கு வர்றதுக்கு முன்னாடியே விதிகளப் போட்டு வச்சுக்கலாம். அதே சட்டத்துல 5வது பிரிவு, தேதி ஒண்ணும் சொல்லலன்னா ஜனாதிபதி கையெழுத்துப் போட்ட அன்னிக்கே அமல். நம்ம ஆளுங்க வேணும்னேதான் "அறிவிக்கும் தேதி"ய எழுதி வைக்குறாங்க.

மதுரக்காரன்:
நம்மூர் தனியார் பள்ளி ஒழுங்குமுறைச் சட்டமும் அப்படித்தானே, பேருலயே 2018, விதி வந்து அமலானது 2023 ஜனவரி.

கணக்குவாத்தி:
அதுல யாருக்கும் பெரிய நஷ்டம் இல்ல மதுர, அதுவரைக்கும் 1973 சட்டம் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு.

மதுரக்காரன்:
மெட்ரிக் ஸ்கூல்ல புள்ளைய சேத்தவன்கிட்டக் கேளுங்க சார் நஷ்டம் இருந்துச்சா இல்லையான்னு. அந்த 73 சட்டம் மெட்ரிக்குக்கு எங்க ஒழுங்கா செல்லுபடியாச்சு, அவங்களுக்குத் தனி விதித்தொகுப்புல்ல.

சட்டக்கிறுக்கன்:
இன்னொண்ணு சொல்றேன் வாத்தியார் சார். எட்டாவது வரைக்கும் ஆல்பாஸ்ங்குறதத் தூக்கி, 5லயும் 8லயும் பரீட்சை வச்சு ஃபெயில் போடலாம்னு 2019ல திருத்தம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? ஜனாதிபதி கையெழுத்து ஜனவரி 10, அமல் மார்ச் 1. புள்ளைய ஸ்கூல்ல சேக்குற சட்டத்துக்கு ஏழே கால் வருஷம், புள்ளைய ஃபெயிலாக்குற சட்டத்துக்கு ரெண்டு மாசம்கூட இல்ல!

கணக்குவாத்தி:
ஃபெயில் போட ஒத்த ரூபா செலவு கிடையாதே தம்பி. முதல் பதிவுல இருந்து நான் இதத்தானே கத்திக்கிட்டு இருக்கேன்.

சட்டக்கிறுக்கன்:
அப்படியா, அப்ப அந்த செலவில்லாத திருத்தத்துக்கு மத்திய அரசு விதியப் போட 2024 டிசம்பர் வரைக்கும் ஏன் ஆச்சு? அதுக்கும் காசு பத்தலயா சார்?

கணக்குவாத்தி:
நைட்டு வந்து சொல்றேன், பேத்திக்கு ஹோம்வொர்க் இருக்கு.