குறைந்த பணத்தில் நல்ல ஹெட்போன் வாங்கிய கதை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

ஹெட்போனுக்கென்று பெரிய தொகை ஒதுக்க என்னால் முடியாது. பாட்டு கேட்காமலும் இருக்க முடியாது. மூன்று தடவை வாங்கி, மூன்றாவதில்தான் மனம் நிறைந்தது. அதையும் திருப்பி அனுப்ப இருந்தேன். என் கதையை எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள். புதிதாக வாங்கப் போகிற யாருக்காவது உதவும்.

முதலாவதைப் பெட்டியைப் பார்த்து வாங்கினேன். 'எக்ஸ்ட்ரா பேஸ்' (தாழ்ந்த ஒலி கூடுதல்), 50 மில்லிமீட்டர் டிரைவர் (உள்ளே அதிர்ந்து ஒலி எழுப்பும் பாகம்), 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். மனிதக் காது கேட்கும் எல்லையே அதுதானே, இனி என்ன வேண்டும் என்று நினைத்தேன். அந்த எல்லைக்குள் எந்த இடத்தில் ஒலி தூக்கலாக வரும், எந்த இடத்தில் பள்ளம் விழும் என்று பெட்டியில் ஒரு வார்த்தை இல்லை. அது தெரியாதவரை அந்த எண்ணை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. பாட்டைப் போட்டால் திம்திம் என்று பேஸ் மட்டும். பாடுகிறவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுவது போல இருந்தது.

இரண்டாவது, வயர் இல்லாத இயர்பட்ஸ். வசதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு வருடம் ஆவதற்குள் வலது பக்கத்து பேட்டரி இடதுக்கு முன்பே தீர ஆரம்பித்தது. பிரித்துப் புது பேட்டரி போட வழியில்லாமல் ஒட்டியிருந்தார்கள். அப்போதுதான் ஒரு கணக்கு உறைத்தது. நாம் கொடுக்கும் அதே தொகையில் ப்ளூடூத் சிப், இரண்டு பேட்டரி, சார்ஜ் ஆகும் டப்பா எல்லாவற்றுக்கும் பங்கு போய்விடுகிறது. வயர் உள்ளதில் அந்தப் பங்கும் ஒலிக்கே மிஞ்சும். கையில் பணம் குறைவு, பாட்டுதான் முக்கியம் என்றால் வயர் உள்ளதை வாங்குங்கள் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

மூன்றாவது, காதுக்குள் செருகுகிற சாதாரண வயர் இயர்போன். போட்டுக் கேட்ட முதல் நாளே முகம் வாடிவிட்டது. பேஸே இல்லை. எல்லாம் தகரத்தில் தட்டியது போல இருந்தது. திருப்பி அனுப்ப டப்பாவை எடுத்தபோது, அடியில் ஒரு சின்னப் பையில் இன்னும் இரண்டு ஜோடி ரப்பர் முனைகள் இருந்தன. சரி, போகிற பொருள்தானே என்று பெரிய அளவை மாட்டி, காது மடலை ஒரு கையால் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு செருகினேன்.

நூறு தடவைக்கு மேல் கேட்ட ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டேன். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் விரலால் தட்டி, உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தோலில் அழுத்தித் தள்ளுவார்களே, அந்த கும்கி. கீழேயிருந்து குமிழ் விட்டு எழும்பி வந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அதே பதிவில், அதே இயர்போனில் அது இல்லவே இல்லை. இடையில் மாறியது ஒரு துண்டு ரப்பர் மட்டும்.

காரணம் எளிது. காதுக்குழாயில் அடைபட்ட காற்றை டிரைவர் அழுத்தி அழுத்தி இழுக்கும்போதுதான் தாழ்ந்த ஒலி பிறக்கிறது. ஓரத்தில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் காற்று அந்த வழியே நழுவிவிடும், முதலில் போவது பேஸ்தான். சரியாக அடைத்திருக்கிறதா என்று பார்க்க, பாட்டு போடாமல் வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகிப் பாருங்கள். உங்கள் குரல் மண்டைக்குள் கனமாக ஒலித்தால் அடைத்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கனமாக இருந்தால் மறு பக்கத்து முனையை மாற்றுங்கள்.

*

மிக நல்ல பதிவு நண்பரே. கண்ணாடி போடுகிறவர்கள் படும் சிரமத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காதை முழுக்க மூடும் ஹெட்போன் எனக்குச் சரிப்பட்டதே இல்லை. கண்ணாடியின் காம்பு குஷனுக்கு அடியில் புகுந்து இடைவெளி விடும். நீங்கள் சொன்ன அதே கதைதான், பேஸ் போய்விடும். இறுக்கிப் போட்டால் அரை மணி நேரத்தில் காதுக்குப் பின்னால் எலும்பு வலிக்கும். காதுக்குள் செருகுவதும் என்னால் தாங்க முடியாது, உள்ளே அரிக்கிறது.

கடைசியில் எனக்கு அமைந்தது காதின் மேல் பட்டும் படாமலும் உட்காரும் ஸ்பாஞ்ச் வகை. காஸ் நிறுவனத்தின் போர்ட்டா ப்ரோ. 1984-இல் வந்த வடிவம், இன்றைக்கும் விற்கிறார்கள். பார்க்கப் பழைய காலத்துப் பொருள் போல இருக்கும். ஆனால் எடையே தெரியாது, குரல் நெருக்கத்தில் இதமாக இருக்கும், தம்பூரா பாடகருக்குப் பின்னால் தள்ளி நின்று ஒலிக்கும். பின்பக்கம் திறந்த அமைப்பு என்பதால் அடைப்பை நம்பி அது ஒலிப்பதில்லை, கண்ணாடிக் காம்பும் தொந்தரவு செய்யாது.

ஒரு விஷயம் தெரிந்தே வாங்க வேண்டும். நீங்கள் கேட்பது பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும், வெளிச்சத்தமும் உள்ளே வரும். பேருந்துக்கோ நூலகத்துக்கோ ஆகாது. நான் வீட்டில், எல்லோரும் தூங்கிய பிறகு கேட்கிறேன்.

*

நான் செய்த தவறை வேறு யாரும் செய்யக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்படுத்தும் பெரிய ஹெட்போன் ஒன்று பழையதாகக் குறைந்த விலைக்கு வந்தது. பெயரைப் பார்த்தேன், வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து போனில் செருகி, வால்யூமை முழுக்க ஏற்றியும் பக்கத்து அறை ரேடியோ போலத்தான் கேட்டது. பழுது என்று நினைத்து இரண்டு நாள் தூக்கமில்லை. பழுதில்லை. அதன் மின்தடை 250 ஓம்.

கணக்கைப் பாருங்கள். போன் 1 வோல்ட் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 32 ஓம் ஹெட்போனுக்கு ஏறக்குறைய 31 மில்லிவாட் போகும். 250 ஓமுக்குப் போவது 4 மில்லிவாட்தான். ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும், அதற்குப் பணம் இல்லாமல்தானே பழையதை வாங்கினேன்! ஏழு மாதம் அலமாரியில் கிடந்தது.

ஓம் மட்டும் பார்த்தாலும் போதாது. பக்கத்தில் சென்சிட்டிவிட்டி என்று ஒரு எண் இருக்கும், கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பதை அது சொல்லும். ஒரு மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல் என்று கொடுத்திருக்கிறார்களா, ஒரு வோல்ட்டுக்கா என்பதையும் கவனியுங்கள். இரண்டும் வேறு, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டால் ஏமாந்து போவீர்கள். போனில் நேராகச் செருகிக் கேட்பவர்களுக்கு 32 ஓம் அல்லது அதற்குக் கீழே, மில்லிவாட்டுக்கு 100 டெசிபலுக்கு மேல் இருந்தால் கவலையில்லை.

*

முதல் பதிவு எழுதியவன்தான். ஆம்ப் பற்றிச் சொன்னது எனக்கே தெரியாத செய்தி, நன்றி அண்ணா.

விலை கூடினால் ஒலி கூடும் என்ற எண்ணம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்திருக்கிறார்கள். தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை எது எவ்வளவு தூக்கலாக வருகிறது என்பதற்கும் விலைக்கும் தொடர்பே தென்படவில்லை. விலை உயர்ந்ததில் நல்ல கட்டுமானம், நல்ல தோல், வசதி எல்லாம் இருக்கலாம். ஆனால் விலைச்சீட்டைப் பார்த்து ஒலியை ஊகிக்க முடியாது. படித்ததும் எனக்குப் பெரிய நிம்மதி.

இன்னொன்று. இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள். துளி கூடுதலாக ஒலிப்பதுதான் நல்லது என்று காது முடிவு கட்டிவிடும். எனக்கு இது பல தடவை நடந்திருக்கிறது. அப்புறம், புதுப் பாட்டில் சோதிக்காதீர்கள். எந்த இடத்தில் பாடகர் மூச்சு இழுக்கிறார், எந்த இடத்தில் வீணையின் தந்தி விரலில் உரசுகிறது என்று உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாங்கிய அந்த பேஸ் ஹெட்போனையும் நான் தூக்கி எறியவில்லை. தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலியைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் தாழ்ந்த பகுதியைக் கொஞ்சம் இறக்கினேன். கம்பளி முழுதும் விலகவில்லை, ஆனால் குரல் வெளியே வந்துவிட்டது. அம்மா இப்போது அதில்தான் கேட்கிறார்கள்.

*

வயர் பற்றி யாரும் சொல்லவில்லையே. பாதி இயர்போன்கள் செத்துப்போவது போனில் செருகும் ஜாக்குக்கு மேலே இரண்டு விரல்கடை தூரத்தில். போனைப் பையில் போடும்போது வயர் மடங்கி மடங்கி உள்ளே அறுந்துவிடும். ஒரு பக்கம் கேட்கும், வயரை வளைத்தால் மறுபக்கமும் வரும், விட்டால் போய்விடும்.

நான் என்னுடையதை இரண்டு தடவை வெட்டி, புது ஜாக் வாங்கிப் பற்றவைத்துவிட்டேன். முதல் தடவை ஈயம் ஒட்டவே இல்லை. உள்ளே இருப்பது பளபளவென்று சிவப்பும் பச்சையுமாக மெல்லிய இழைகள். அந்த நிறம் வெறும் பூச்சு, மின்சாரம் கடத்தாது. பற்றவைப்புக் கோலின் சூடான நுனியில் ஈயத்துளி வைத்து, அதற்குள் இழையை முக்கிப் பிடித்தால் பூச்சு எரிந்து செம்பு தெரியும், பிறகு உடனே பிடிக்கும். புகையை மூச்சில் இழுக்காதீர்கள்.

பற்றவைக்கத் தெரியாதவர்கள் வயரைக் கழற்றி மாட்டும் வகையாக வாங்குங்கள். 0.78 மில்லிமீட்டர் இரண்டு முள் வகை பரவலாகக் கிடைக்கிறது. வயர் போனால் வயரை மட்டும் மாற்றினால் போதும்.

*

எல்லோரும் ஒலியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், நான் சத்தத்தைப் பற்றி. தினமும் பேருந்தில் போய் வருகிறேன். வெளிச்சத்தம் உள்ளே வந்ததால் அதை மீற வால்யூமை ஏற்றிக்கொண்டே போனேன். இரவில் படுத்தால் காதில் 'கீ' என்று ஒரு ஓசை. பயந்துவிட்டேன்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபலுக்குப் போனால் வெறும் 4 மணி நேரம். பத்து கூடினால் நேரம் பத்தில் ஒன்றாகிவிடுகிறது. பயணத்தில் கேட்பவர்கள் நன்றாக அடைக்கும் இயர்போன் வாங்க இதுவே பெரிய காரணம். வெளிச்சத்தம் அடங்கினால் பாட்டைக் குறைத்து வைத்தாலும் போதும். சாலையைக் கடக்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள். எனக்கு அந்த ஓசை இப்போது இல்லை.

*

அண்ணா, முதல் பதிவைப் படித்துவிட்டு, தூக்கிப் போட்ட இயர்போனைத் தேடி எடுத்தேன். பெரிய முனையை இரண்டு பக்கமும் மாட்டினேன். வலது பக்கம் அருமை, இடது பக்கம் உள்ளேயே போகவில்லை, வலித்தது. 'ம்ம்ம்' என்று முனகிப் பார்த்துக்கொண்டே மாற்றி மாற்றிப் போட்டேன். இடதுக்கு நடு அளவு, வலதுக்குப் பெரியது. இத்தனை நாள் பாட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தே கேட்டதைப் பதிவின் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பாடுகிறவர் நேர் நடுவில் நிற்கிறார்.

*

தம்பி, சரியாகப் பிடித்துவிட்டீர்கள். எல்லோருக்கும் இரண்டு காதும் ஒரே அளவில் இருப்பதில்லை. மிச்சமிருக்கும் முனைகளைத் தொலைக்காமல் அந்தப் பையிலேயே போட்டு வையுங்கள், வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். துளையில் அழுக்கு அடைத்தாலும் அந்தப் பக்கம் சத்தம் குறையும்.