அமுக்கரா: கிழங்குப் பொடியா, சூரணமா, மாத்திரையா? எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்?

கேள்வி

வணக்கம். எனக்கு 46 வயதாகிறது. சில மாதங்களாக இரவில் சரியாகத் தூக்கம் வருவதில்லை. தைராய்டு சுரப்புக் குறைவுக்காகத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் லெவோதைராக்சின் எடுத்துக்கொள்கிறேன். தூக்கத்திற்கு அமுக்கரா (அஸ்வகந்தா) நல்லது என்கிறார்கள். ஆனால் மாத்திரைப் புட்டியில் 300 மில்லிகிராம் என்றும், சூரண டப்பாவில் ஒரு தேக்கரண்டி என்றும் அளவு போட்டிருக்கிறது. இவ்வளவு வித்தியாசம் ஏன்? எனக்கு எது ஏற்றது?

பதில் 1

மூன்றும் வெவ்வேறு பொருள்கள் என்பதால்தான் அளவும் மாறுகிறது. தனிக் கிழங்குப் பொடி என்றால் ஆயுர்வேத மரபில் நாளொன்றுக்கு 3 முதல் 6 கிராம் வரை, பெரும்பாலும் பாலில் கலந்து கொடுப்பார்கள். மாத்திரையில் இருப்பது செறிவூட்டிய சாறு. தூக்கம், மன அழுத்தம் பற்றிய ஆய்வுகள் பலவற்றில் 300 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு வேளை, சுமார் எட்டு வாரங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆய்வுகள் சிறியவை என்றாலும், தூக்கத்தில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்திருக்கிறது.

சித்த மருத்துவத்தின் அமுக்கரா சூரணமோ ஒரு கூட்டு மருந்து. கிராம்பு ஒரு பங்கு என்றால் சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128 என்று ஒவ்வொன்றும் இரட்டித்துக்கொண்டே போகும். ஆக, அந்தத் தேக்கரண்டியில் கால் பங்குதான் அமுக்கரா, பாதி சர்க்கரை. நீரிழிவு உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

பதில் 2

அளவைவிட உங்கள் தைராய்டு மாத்திரைதான் எனக்குக் கவலை தருகிறது. அமுக்கரா தைராய்டு ஹார்மோனின் அளவைக் கூட்டக்கூடும். லெவோதைராக்சினோடு சேரும்போது படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை ஆகியவை வரலாம். இன்னொன்றையும் யோசியுங்கள்: லெவோதைராக்சின் அளவு தேவைக்கு மேல் போனாலும் தூக்கம் கெடும். எனவே முதலில் டிஎஸ்எச் (தைராய்டு சரியாக இயங்குகிறதா என்று காட்டும் இரத்தப் பரிசோதனை) செய்து, மருத்துவரிடம் காட்டிவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

அரிதாகச் சிலருக்கு, தொடங்கிய 2 முதல் 12 வாரங்களுக்குள் கல்லீரல் பாதிப்பும் ஏற்பட்டிருக்கிறது. கண் மஞ்சளானாலோ, உடம்பு அரித்தாலோ, சிறுநீர் அடர்நிறமானாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இதைத் தொடவே கூடாது. தூக்க மாத்திரை, சர்க்கரை நோய் மருந்து, இரத்த அழுத்த மருந்து எடுப்பவர்களும் தாமாகத் தொடங்கக் கூடாது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. டிஎஸ்எச் பார்த்து ஓராண்டுக்கு மேலாகிறது, இந்த வாரமே பார்த்துவிடுகிறேன். மருத்துவர் சரி என்று சொன்னால் எத்தனை நாள் எடுத்துக்கொள்ளலாம்?

பதில் 1

மூன்று மாதம் வரை பயன்படுத்தியதற்குத்தான் போதிய ஆய்வுத் தகவல் உள்ளது. அதற்கு மேல் நீட்டிக்க வேண்டாம். தொடங்கிய ஆறு முதல் எட்டு வாரங்களில் மீண்டும் ஒருமுறை டிஎஸ்எச் பாருங்கள். வாங்கும்போது, கிழங்கிலிருந்து மட்டும் எடுத்ததா, இலையும் சேர்ந்ததா என்று லேபிளில் பார்த்து, கிழங்குச் சாற்றையே தேர்ந்தெடுங்கள்.