நைட் ஓட்டத்துல பாதுகாப்புக்கு வண்டியில என்ன வச்சிருக்கீங்க?

லாரி ஓட்டுற அண்ணன் தம்பிங்க யாராச்சும் சொல்லுங்க. கிளீனர் இல்லாம தனியாத்தான் போறேன், ஓரங்கட்டி கண்ணசந்தா டீசல் டேங்க் மூடிய நெம்புறானுங்க, தார்ப்பாய் கயித்த அறுக்குறானுங்க. வீல் ஸ்பேனர சீட்டுக்கடியில கைக்கு எட்டுற மாதிரி வச்சுக்கலாமான்னு யோசிக்கிறேன், ஆனா டூல்பாக்ஸ்ல இருந்தா அது டூலு, சீட்டுக்கடியில இருந்தா செக்கிங்ல ஆயுதம்னு ஆயிடுமே, தற்காப்புக்குத்தான் சார்னு நம்ம வாயாலயே சொன்னா சில இடத்துல அதுவே வம்பு. கயிறு அறுக்குற சின்ன கத்தி டேஷ்போர்டுல கிடக்கு, ஆனா அத நம்பி இறங்க மாட்டேன், கிட்ட வந்தவன் புடுங்கிட்டா முடிஞ்சுது கதை. பெப்பர் ஸ்ப்ரே சொல்றாங்க, ஆனா கேபினுக்குள்ள அடிச்சா நமக்கே கண்ணு தெரியாது (சொல்றவங்க யாரும் அடிச்சுப் பாத்த மாதிரி தெரியல).

டயர் தட்டிப் பாக்குற கட்டை வச்சிருக்கவங்க இருக்கீங்களா? இல்ல ரெண்டு கதவையும் உள்பக்கம் பெல்ட் போட்டு இழுத்துக் கட்டிட்டு, ஹாரன், ஹெட்லைட், டேஷ்கேம்னு சமாளிக்கிறதே போதுமா? அப்படிக் கட்டினா தீ கீ புடிச்சா சட்டுனு வெளிய வர முடியுமா? எங்க வச்சிருந்தீங்க, செக்கிங்ல என்ன கேட்டாங்க, அதையும் சேத்து சொல்லுங்க.