நாகர்கோவிலில் ப்ரோ பாக்ஸிங்: டிக்கெட்டை நம்பி இறங்கலாமா?

மார்த்தாண்டம் ஜிம்:
ப்ரொமோட்டராக, அதாவது ஃபைட் நடத்துகிறவராக, இறங்கலாம் என்று இருக்கிறேன். நாகர்கோவிலில் ஒரு கல்யாண மண்டபம், ஒரே ராத்திரியில் 6 ஃபைட், எல்லாம் 4 ரவுண்டு. 600 நாற்காலி போடலாம். டிக்கெட் பணத்தில் செலவைத் தேற்றிவிட முடியுமா? நம்ம ஜிம் பையன்களுக்கு மேனேஜராகவும் நானே இருக்கலாமா?

வடசேரி அண்ணாச்சி:
முடியாது தம்பி. 12 பேருக்குப் பர்ஸ், அதாவது ஃபைட்டுக்கான சம்பளம், ஆளுக்கு 20,000 என்று வை, 2,40,000 ஆச்சு. 200 நாற்காலி ஓசி பாஸில் போனால், மிச்சம் 400-ஐ 300 ரூபாய்க்கு விற்றாலும் 1,20,000தான். மண்டபம், ரிங், ரெஃப்ரி, ஜட்ஜ், டாக்டர், வெளியூர்ப் பையன்களுக்கு ரயிலும் லாட்ஜும் தனி. ஸ்பான்சர் பணம் பேங்கில் ஏறின பிறகு போஸ்டர் அடி. 1974-ல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் நடந்த ஃபைட்டுக்கு அமெரிக்க ப்ரொமோட்டர் டான் கிங், பாக்ஸர்கள் முகமது அலிக்கும் ஜார்ஜ் ஃபோர்மேனுக்கும் தலா 50 லட்சம் டாலர் பேசினார். அந்தச் சுமையைத் தாங்கியது அந்த ஊர் இருந்த ஜயர் நாட்டு (இப்போதைய காங்கோ) அரசாங்கம். அதிலும் ஃபோர்மேனுக்குப் பயிற்சியில் கண்ணுக்கு மேல் வெட்டு விழுந்து, செப்டம்பர் 25-ல் நடக்க இருந்த ஃபைட் அக்டோபர் 30-க்குத் தள்ளிப்போனது. தேதி மாறினால் அட்வான்ஸ் என்னாகும் என்று மண்டபக்காரரிடம் இப்பவே எழுதி வாங்கு.

கடைசி வாரத்தில் ஆள் விலகுவான், அது நிச்சயம். அதனால் மாற்று ஆளைத் தயாராக வை. அவனுக்கும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி ரிப்போர்ட் முன்கூட்டியே கையில் இருக்கணும். முந்தின நாள் எடை போடும்போது கூடினால் பர்ஸில் எவ்வளவு பிடிப்பது என்பதும் ஒப்பந்தத்தில் வரணும். லைசென்ஸுக்கு இந்தியன் பாக்ஸிங் கவுன்சிலைப் பார். பாக்ஸ்ரெக் என்ற ஃபைட் பதிவு இணையதளத்தில் ஏறாத ஃபைட்டுக்கு நல்ல பாக்ஸர் வரமாட்டான்.

ஆசாரிபள்ளம்:
கயிற்றுக்குள் 20 அடி ரிங் என்றால், வெளி விளிம்பு பக்கத்துக்கு 2 அடி சேர்த்து 24 அடி. மண்டப மேடையில் அது அடங்காது, நடுத்தளத்தில்தான் போடணும். ப்ளைவுட் இணைப்பில் இடைவெளி இருந்தாலோ கேன்வாஸ் தொய்ந்தாலோ கணுக்கால் பிசகும். சாயங்காலமே நாலு பேர் ஏறிக் குதித்துப் பாருங்கள்.

ஆம்புலன்ஸ் இரண்டு வேணும். ஒன்று ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டால், இன்னொன்று வரும்வரை அடுத்த ஃபைட்டுக்கு மணி அடிக்கக்கூடாது. மூளைக்குள் ரத்தக்கசிவு சில மணி நேரம் கழித்தும் தெரியும். ஃபைட் முடிந்ததும் பையனைத் தனியாக பஸ் ஏற்றி விடாதீர்கள். அன்று ராத்திரி சிடி ஸ்கேனும் நரம்பியல் அறுவை டாக்டரும் எந்த ஆஸ்பத்திரியில் உண்டு என்று முன்னாலேயே கேட்டு வையுங்கள். இதில் காசு பார்க்கிறவர் ஃபைட் நடத்தவே வேண்டாம்.

குளச்சல் கார்னர்:
மேனேஜர் பர்ஸைக் கூட்டிக் கேட்கிறவர், ப்ரொமோட்டர் குறைக்கப் பார்ப்பவர். ஒரே ஆள் இரண்டுமானால் பையனுக்காகப் பேச யாருமில்லை. அமெரிக்காவில் 2000-ல் வந்த முகமது அலி சட்டம் இதைத் தடுக்கிறது. நம்ம ஊரில் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், வேறொருவரை மேனேஜராக்குங்கள்.

மார்த்தாண்டம் ஜிம்:
நன்றி. எந்த மாசம் வைக்கலாம்?

வடசேரி அண்ணாச்சி:
ஜனவரி கடைசி. அதற்குள் மழை ஓய்ந்திருக்கும், சுசீந்திரம் தேரோட்டமும் முடிந்திருக்கும். மாசியில் மண்டைக்காடு கொடை வந்தால் போலீஸ் எல்லாம் அங்கேதான், பந்தோபஸ்து கிடைக்காது.